கச்சானும் வாடையும்: திருகோணமலைக் காற்றின் கதை

திருகோணமலையில் ஆண்டுக்கு இரண்டு பெருங்காற்றுகள் வீசுகின்றன. ஐப்பசி பிற்பகுதியிலிருந்து மாசி வரை வங்கக் கடலைக் கடந்து வாடை வருகிறது. மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கைத் தருவது அதுதான். வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் அடிக்கிறது. கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மழையைக் கொட்டும் அதே காற்று, மத்திய மலைநாட்டில் ஈரத்தை இழந்து கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. தொண்டை காய்வதும், தெருப் புழுதி வீட்டுக்குள் படிவதும் கச்சான் காலத்தின் அடையாளங்கள். இரண்டுக்கும் இடையே பங்குனி, சித்திரையில் பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் மட்டுமே இருக்கும்.

இந்தச் சுழற்சியே ஊரின் வரலாற்றையும் நடத்தியது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புது மரம் தேடித் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் வந்து கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டவர்தான் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ். வாடை தொடங்கினால் சென்னைக் கரையில் போர்க்கப்பல்கள் தங்க இடமில்லை. மலைகள் சூழ்ந்த ஆழமான திருகோணமலைத் துறைமுகத்திலோ எந்தப் பருவத்திலும் தங்கலாம். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சப்ரனும் இதைக் கைப்பற்றியதற்கு அதுவே காரணம்.

துறைமுகத்தை விரும்பிய ஐரோப்பியர் அதன் காற்றுக்கு அஞ்சினார்கள். கோட்டைப் படையினர் காய்ச்சலில் மடிந்தபோது, சதுப்பிலிருந்தும் காட்டிலிருந்தும் எழும் நச்சு ஆவியே காரணம் என்று அக்கால மருத்துவம் நம்பியது. ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே கெட்ட காற்று. காய்ச்சலைப் பரப்புவது நுளம்பு என்பதை 1897இல் ரொனால்ட் ரோஸ் காட்டினார். மழை ஓய்ந்தபின் ஆற்றுப் படுகைகளில் தேங்கும் குட்டைகள் நுளம்புக்குத் தொட்டில். காற்றின்மீது பழி விழுந்தது அறியாமையால். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

காற்று உண்மையாகவே மாசுபடுவது வேறு வழிகளில். கந்தளாய், தம்பலகாமம் வயல்கள் நகருக்குத் தென்மேற்கே கிடக்கின்றன. சிறுபோக அறுவடை ஆவணியை ஒட்டி முடிவதால், அப்போது வைக்கோலுக்கு வைக்கும் தீயின் புகையைக் கச்சான் நகரை நோக்கியே தள்ளும். சேனைப் பயிர்ச்செய்கைக்காக மழைக்கு முன் காட்டை எரிப்பதும் அதே மாதங்களில்தான். பெரும்போகம் முடியும் மாசி, பங்குனியில் கடற்காற்று புகையை உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறது. வயலும் நெருப்பும் மாறாதிருக்க, புகையைச் சுவாசிக்கும் ஊர் மட்டும் மாறுகிறது.

வாடை கடலிலிருந்து வருவதால் அது தூய காற்று என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அதை 1999இல் நடந்த இந்து சமுத்திர ஆய்வுத் திட்டம் மாற்றியது. மதுரையில் பிறந்த வீ. ராமநாதனும் போல் குருட்சனும் வழிநடத்திய அந்த ஆய்வில், ஜனவரி முதல் மார்ச் வரை தெற்காசியாவின் புகையும் தூசும் கடலுக்கு மேல் சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை மூட்டமாகப் பரவுவது தெரிந்தது. வட இந்தியாவின் அடுப்பு, வாகனம், வயல் ஆகியவற்றின் புகை வாடையில் ஏறி வருகிறது. மழை பெய்தால் அது கழுவப்படும். மழையற்ற வாடை நாளில் அப்படியே தங்கும். 2022 டிசம்பரில் வங்கக் கடலில் மாண்டஸ் புயல் சுழன்றபோது இலங்கையெங்கும் அந்தப் புகையால் காற்று கெட்டு, 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன.

தொழிற்சாலைக்கு இடம் தேடும்போதும் இந்தத் திசைக் கணக்கே முதலில் பார்க்கப்பட வேண்டியது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூருக்குக் கிழக்கே உள்ள சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்ட 2013இல் ஒப்பந்தமானது. கச்சான் காலத்தில் அதன் புகை கடலுக்குப் போயிருக்கும். வாடையின் மாதங்களில் மூதூர், சேருவில வயல்களுக்கு மேல் சென்றிருக்கும். பெரும்போகம் பச்சையாக நிற்கும் காலம் அது. போரால் இடம்பெயர்ந்து திரும்பியிருந்த மக்களின் எதிர்ப்பு நியாயமானது. 2016இல் திட்டம் கைவிடப்பட்டதாக அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் கட்டுமானம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது.