பெங்களூருக் கோயிற்சுவர்களில் தமிழ்: மடிவாளா, தொம்மலூர்க் கல்வெட்டுகள்

முன்னுரை

பழங்கோயிலைக் காணச் செல்வோர் அதன் கோபுர உயர்வையும் தூண்களின் வனப்பையும் கண்டு வியப்பது இயல்பு. பெங்களூரு அல்சூர் சோமேசுவரர் கோயில் அத்தகு வியப்புக்குரியது. அதே நகரின் மடிவாளா சோமேசுவரர் கோயிலும் தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலும் அளவால் பெரியன அல்ல. அவற்றின் பெருமை, கல்லில் வெட்டப்பட்டுள்ள தமிழ் ஆவணங்களில் உள்ளது. அவை சோழராட்சியின் எச்சங்களா, அவ்வூர் மக்களின் ஆவணங்களா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோழராட்சிக் காலம்

கி.பி.1004ஐ ஒட்டிச் சோழர் கங்கரை வென்று இப்பகுதியைக் கைப்பற்றினர். பெர்மாடி காமுண்டனின் மகன் இராசராச வேளான் பட்டந்தூரில் ஏரி அமைத்ததைக் காடுகோடிக் கோயிலின் 1043ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தந்தை பெயர் கன்னட மரபினது. மகன் பெயரோ சோழ மன்னன் பெயரைத் தாங்கியது. ஆட்சியின் செல்வாக்கு இதனால் புலனாகிறது.

ஆட்சி மாறிய பின்

ஏறத்தாழ 1117இல் போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டை வென்றதும் சோழராட்சி இங்கு முடிவுற்றது. ஆயினும் தமிழ்க் கல்வெட்டுகள் நின்றுவிடவில்லை. வேப்பூர் (இன்றைய பேகூர்) வாசி ஒருவர் ‘வெங்களூர்’ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையளித்ததை மடிவாளாக் கல்வெட்டு (1247) தெரிவிக்கிறது. தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் விண்ணமங்கலம் ஏரியை ஒட்டிய நிலம் முதலியவற்றை இறைவனுக்கு வழங்கியதைத் தொம்மலூர்க் கல்வெட்டு குறிக்கிறது. அழகியார் என்பவர் அக்கோயிலுக்கு இரு கதவுநிலைகள் அளித்ததை மற்றொரு கல்வெட்டு சொல்கிறது.

போசளரில் ஒரு கிளையினர் தமிழகத்துக் கண்ணனூரிலிருந்து ஆண்டமையால் தமிழ் இங்கு அலுவல் மொழியாயிற்று எனலாம். வீரராமநாதனின் கொடைக்கு (1290) அவ்விளக்கம் பொருந்தும். ஆனால் மேற்கண்ட கொடையாளர் மன்னர் அல்லர். நிலமும் கதவுநிலையும் ஈந்த அவர்கள் தம் கொடையைத் தமிழில் பொறித்தமை, அம்மொழியை வாசிப்போர் ஊரில் இருந்தமைக்குச் சான்றாகும்.

இரு மொழிச் சான்றுகள்

இதனைக் கொண்டு நகரைத் தமிழுக்கு மட்டும் உரியதாக்குவது பொருந்தாது. பேகூரில் கிடைத்த, ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட வீரக்கல் ‘பெங்களூரு’ என்னும் பெயரை முன்னரே வழங்குகிறது. பேகூர்–வேப்பூர், பெங்களூரு–வெங்களூர் என ஒரே ஊர்ப்பெயர்கள் இரு மொழி ஒலிமரபுக்கேற்ப அமைந்துள்ளன. இரு மொழிக் கல்வெட்டுகளையும் இணைத்துப் படித்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

முடிவுரை

இக்கல்வெட்டுகளைப் பி.எல்.ரைஸ் 1905இல் வெளியிட்ட தொகுதி காட்டுகிறது. எனினும் பதிப்பு, கல்லுக்கு ஈடாகாது. ஐயமுள்ள எழுத்தை மீண்டும் படித்துத் தெளியக் கல்லே துணை. வண்ணப்பூச்சும் புதிய கட்டுமானமும் ஒரு வரியை மறைப்பின், ஒரு கொடையாளரின் பெயரோ மறைந்த ஏரியொன்றின் பெயரோ அதனுடன் மறையும். தமிழ், கன்னடத் துறைகள் இணைந்து இக்கல்வெட்டுகளை நேரில் மீளாய்வு செய்தல் இன்றியமையாததாகும்.