அணு எண் வெறும் வரிசை எண்தானா?



கெமிஸ்ட்ரி வகுப்புச் சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையை அண்ணாந்து பார்த்தபடிதான் நம்மில் பலர் மூன்று வருஷத்தை ஓட்டினோம். ஹைட்ரஜன் 1, ஹீலியம் 2, லித்தியம் 3 என்று மனப்பாடம் பண்ணினோம். ஹாஸ்டல் ரூம் நம்பர் மாதிரி அதுவும் யாரோ போட்டுவைத்த நம்பர்தான் என்று நினைத்தவர்களே அதிகம். அப்படியில்லை. அந்த நம்பருக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரமும், 27 வயதில் போர்க்களத்தில் மடிந்த ஓர் இளைஞனின் உழைப்பும் இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோபால்ட்டின் அணு எடை 58.93. அதற்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் நிக்கலுக்கு 58.69. எடைப்படி பார்த்தால் நிக்கல் அல்லவா முன்னால் வரவேண்டும்? டெலூரியமும் (127.6) அயோடினும் (126.9) இதே கதைதான். 1869-ல் அட்டவணையை அமைத்த மெண்டலீவ், எடையை ஒதுக்கிவிட்டுக் குணத்தைப் பார்த்து, அயோடினைக் குளோரின், புரோமின் குடும்பத்தோடு சேர்த்தார். சேர்த்தது சரி. ஆனால் எடை ஏன் ஒத்துவரவில்லை? டெலூரியத்தின் எடையைத் தப்பாக அளந்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். திரும்பத் திரும்ப அளந்தும் எடை மாறவில்லை.

இந்த எடைத் தகராறு மெண்டலீவுக்கும் முந்தியது. லண்டனில் வில்லியம் பிரவுட் என்றொரு டாக்டர் இருந்தார். 1815-ல் தன் பெயரைப் போடாமலே ஒரு கட்டுரை வெளியிட்டார். தனிமங்களின் எடைகளெல்லாம் ஹைட்ரஜனின் முழு மடங்குகளாகவே தெரிகின்றன என்றார். அடுத்த வருஷம், ஹைட்ரஜன்தான் எல்லாப் பொருளுக்கும் மூலப்பொருளாக இருக்கலாம் என்றும் எழுதினார். அழகான யோசனை! கெடுத்தது குளோரின். அதன் எடை 35-ம் இல்லை, 36-ம் இல்லை, ஏறக்குறைய 35.5. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஸ்டாஸ், பிரவுட் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு அளக்க ஆரம்பித்து, மிக நுட்பமாக அளந்து முடித்தபோது அது வெறும் மாயை என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. நம் இரைப்பையில் ஊறும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று 1824-ல் எழுதியவரும் இதே பிரவுட் டாக்டர்தான். அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய ஹைட்ரஜனும், கவிழ்த்துவிட்ட குளோரினும் ஒரே பாட்டிலில்!

1911-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டு, அணுவின் நடுவில் மிகச்சிறிய, நேர்மின்னேற்றமுள்ள கரு இருக்கிறது என்று அறிவித்தார். அந்தக் கருவில் எவ்வளவு மின்னேற்றம்? ஏறக்குறைய அணு எடையில் பாதி என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. ஹாலந்து நாட்டு வழக்கறிஞர் வான் டென் புரூக் ஒரு யோசனை சொன்னார். அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, அதன் கருவில் அத்தனை மின்னேற்றம். விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் சொன்னதை யாராவது அளந்து காட்ட வேண்டுமே!

அளந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி. 1887-ல் பிறந்தவர், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1913-ல் அவர் அமைத்த கருவியைப் பற்றி நம் பிராக்டிகல் லேப் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாய்; உள்ளே சிறு தண்டவாளம்; அதன்மேல் பொம்மை ரயில் மாதிரி ஒரு வண்டி. வண்டியில் வரிசையாக உலோகத் துண்டுகள். மீன் பிடிக்கிற பட்டுத் தூண்டில் நூலால் வண்டியை இழுத்து, ஒவ்வொரு உலோகத்தையும் எலக்ட்ரான் கற்றைக்கு நேராகக் கொண்டுவருவார். அதிலிருந்து கிளம்பும் எக்ஸ்-கதிரை ஒரு படிகத்தில் பட்டுத் திரும்பச் செய்து போட்டோ தகட்டில் பதிவு செய்தார்.

கால்சியம் முதல் துத்தநாகம் வரை பதிவு பண்ணிப் பார்த்தால், கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒழுங்காக நகர்ந்தன. எக்ஸ்-கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், தனிமத்துக்குத் தனிமம் அது ஒரே அளவு கூடுகிறது. எடை இப்படிக் கூடுவதில்லை. சில இடத்தில் ஒன்று, சில இடத்தில் மூன்று நான்கு என்று தாறுமாறாகப் போகும். ஆகவே கருவில் ஏதோ ஒன்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகிறது. அது மின்னேற்றம்தான் என்று மோஸ்லி எழுதினார். கோபால்ட் 27, நிக்கல் 28. வழக்கு தீர்ந்தது.

1914-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியிட்ட இரண்டாவது கட்டுரையில் அலுமினியம் முதல் தங்கம் வரை கணக்கு வந்துவிட்டது. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி, இன்னும் கண்டுபிடிக்கப்படாதவை என்றும் சொல்லிவிட்டார். பாரிசிலிருந்து உர்பென் என்ற பேராசிரியர், ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுப் பிரித்தெடுத்த அருமண் தனிமங்களை எடுத்துக்கொண்டு வந்தார். மோஸ்லி சில நாட்களில் எது எது என்று சொல்லிவிட்டார். படிகமாக்கிப் படிகமாக்கி ஓய்ந்துபோன வேதியியலாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்த வருஷம் விஞ்ஞான மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போனார். உலகப் போர் வெடித்தது. திரும்பி வந்து, யார் சொல்லியும் கேட்காமல் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார். துருக்கியின் கலிப்போலியில் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தபோது, 1915 ஆகஸ்ட் 10-ந் தேதி குண்டடிபட்டு இறந்தார். தன் கருவிகளையும் சொத்தையும் ஆராய்ச்சிக்கென்று ராயல் சொசைட்டிக்கு உயில் எழுதி வைத்திருந்தார். இப்படிப்பட்டவரைச் சாதாரணப் போர்வீரராகத்தானா பயன்படுத்த வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு 'நேச்சர்' இதழில் மனம் வெதும்பி எழுதினார். அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் என் அபிப்பிராயமும்.

கருவில் ஏறும் அந்த 'ஒன்று' எது? 1917-ல், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் போர்க்கால வேலைக்கு நடுவே, ரூதர்ஃபோர்டு தன் உதவியாளர் வில்லியம் கே என்பவரோடு இருட்டறையில் உட்கார்ந்து அதைத் தேடினார். துத்தநாக சல்பைடு திரையில் துகள் பட்டால் சின்னதாக ஒரு மினுக்கு. அதைக் கண்ணால் எண்ண வேண்டும். ஆல்ஃபா துகள் பாயும் பாதையில் ஆக்சிஜனை விட்டால் மினுக்குகள் குறைந்தன. உலர்ந்த காற்றை விட்டால், குறைவதற்குப் பதில் கூடின! தூய நைட்ரஜனில் இன்னும் கூடின. மினுக்குகளோ ஹைட்ரஜன் கரு உண்டாக்குவதைப் போன்றவை. அதாவது நைட்ரஜனின் கருவுக்குள்ளிருந்து ஹைட்ரஜன் கரு வெளியே வருகிறது. 1919-ல் இதை வெளியிட்டார். 1925-ல் பிளாக்கெட், முகில் அறையில் சுமார் 23,000 புகைப்படங்கள் எடுத்து, லட்சக்கணக்கான தடங்களில் எட்டே எட்டில் இந்த மாற்றத்தைப் படமாகவே காட்டினார். நைட்ரஜன் உடையவில்லை, ஆல்ஃபாவை விழுங்கி, ஒரு ஹைட்ரஜன் கருவைத் துப்பிவிட்டு ஆக்சிஜனாகிவிட்டது.

1920-ல் கார்டிஃப் மாநாட்டில் அந்தக் கருவுக்கு 'புரோட்டான்' என்று ரூதர்ஃபோர்டு பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'முதல்' என்று அர்த்தம். பழைய பிரவுட் டாக்டரின் பெயரும் அதில் ஒலிக்கட்டும் என்பது எண்ணம்.

குளோரின் புதிரும் விடுபட்டது. 35 எடையுள்ளது, 37 எடையுள்ளது என்று இரண்டு குளோரின்கள் கலந்திருப்பதைக் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் காட்டினார். இரண்டிலும் புரோட்டான் 17-தான். வித்தியாசம் நியூட்ரானில், அது சாட்விக் கையில் சிக்கியது 1932-ல். ஆகவே 18 நியூட்ரான் இருந்தாலும் 20 இருந்தாலும் அது குளோரின். ஒரு புரோட்டான் கூடினால் ஆர்கான்; எதனோடும் லேசில் சேராத வாயு.

நாம் பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்த டைட்ரேஷனும் இந்தப் புரோட்டானின் விளையாட்டுதான். எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜனில் மிஞ்சுவது வெறும் புரோட்டான். 1923-ல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே, புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம் என்றார்கள். தண்ணீரில் அது தனியே திரியாது, நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். பிரவுட் இரைப்பையில் கண்டதும் இதே சரக்குதான்.

மோஸ்லி காலி என்று சொன்ன இடங்களில் 75, அதாவது ரேனியம், 1925-ல் கிடைத்தது. 43 ஆன டெக்னீஷியம் 1937-ல். 61 ஆன புரோமித்தியம் கடைசியில் 1945-ல், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், யுரேனியம் பிளந்த கழிவுகளிலிருந்து வந்தது. மோஸ்லி இருந்திருந்தால் அப்போது அவருக்கு வயது 57.