ஹைட்ரஜன் புத்தகத்தில் ஒரு குளிர்பதனக்காரர்

1998-ல் உலோக ஹைட்ரைடுகளின் அடிப்படைகள், பயன்பாடுகள் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்தது. தொகுத்தவர்கள் மூன்று பேர்: எம்.வி.சி. சாஸ்திரி, பி. விஸ்வநாதன், எஸ். சீனிவாச மூர்த்தி. மூவரும் சென்னை ஐஐடிக்காரர்கள், அதாவது நம்ம அடையாறு சர்தார் படேல் சாலை. முதல் இருவர் வேதியியல் துறை. அதில் ஆச்சரியம் இல்லை. மூன்றாமவர் மெக்கானிக்கல் துறை, அதிலும் குளிர்பதனம், ஏசி பக்கம். ஹைட்ரஜனைச் சேமிக்கும் புத்தகத்தில் குளிர்பதனக்காரருக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஹைட்ரைடுகளின் கதை முழுசாக வந்துவிடுகிறது.

1866-ல் லண்டனில் தாமஸ் கிரஹாம் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பல்லேடியம் உலோகம் தன் கனஅளவைப் போல பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி என்று சொல்வார்கள், ஆனால் நடப்பது வேறு. உலோகத்தின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாக உடைகிறது. அந்த அணுக்கள் உலோக அணுக்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் போய் உட்காருகின்றன. பல்லேடியம் விலை அதிகம் என்பதால் ரொம்ப காலம் இது ஒரு ஆய்வகச் சங்கதியாகவே இருந்தது.

1960-களின் கடைசியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் ஆய்வகத்தில் நிரந்தரக் காந்தங்கள் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வழியில் சிக்கியது, ஒரு லாந்தனம் அணுவுக்கு ஐந்து நிக்கல் அணு கொண்ட கலவை. சாதாரண அறை வெப்பநிலையில், சில பார் அழுத்தத்திலேயே ஹைட்ரஜனை வாங்கும், திருப்பியும் கொடுக்கும். ஒரு லிட்டர் இடத்தில் திரவ ஹைட்ரஜனைவிட அதிகமாகவே அடைத்துவைக்கும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும், "இனி காருக்குப் பெட்ரோல் டேங்க் வேண்டாம், ஹைட்ரைடு டேங்க் போதும்" என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது.

முட்டுக்கட்டை எடைதான். இந்தக் கலவையில் ஹைட்ரஜனின் பங்கு எடையில் சுமார் 1.4 சதவீதம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 70 கிலோ உலோகம். ஒரு காருக்கு 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டுமென்றால் 350 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மக்னீசியம் ஏழு சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்க 300 டிகிரி சூடு கேட்கும்.

எடைப் பிரச்சனையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அடையாற்றுக் கதை இரண்டாவது பிரச்சனையில் தொடங்குகிறது. அது வெப்பம்.

ஹைட்ரஜன் உள்ளே போகும்போது உலோகம் சூடாகும், வெளியே வரும்போது குளிரும். லாந்தனம்-நிக்கல் கலவையில் ஒரு கிலோ ஹைட்ரஜனை ஏற்றினால் சுமார் 15 மெகாஜூல் வெப்பம் வெளிவரும். 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் உலோகம் மேற்கொண்டு ஹைட்ரஜனை வாங்காது. போதாததற்கு, வாங்கி வாங்கிக் கொடுத்ததில் கலவை நொறுங்கி மாவு மாதிரி ஆகிவிடும், மாவு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ஆக, டேங்க் எவ்வளவு வேகமாக நிரம்பும் என்பதை முடிவு செய்வது வேதியியல் இல்லை, வெப்பக் கடத்தல். குளிர்பதனக்காரர் உள்ளே வருவது இங்கேதான்.

சீனிவாச மூர்த்தியும் அவருடைய குழுவினரும் ஹைட்ரைடு படுகைக்குள் வெப்பமும் வாயுவும் எப்படி நகர்கின்றன என்று கணக்கிட்டார்கள், சோதித்தும் பார்த்தார்கள். பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: தொல்லை தரும் இந்த வெப்பத்தையே வேலை வாங்கினால் என்ன?

இரண்டு பாத்திரம், இரண்டு வெவ்வேறு கலவை, நடுவில் ஒரு குழாய். முதல் பாத்திரத்தைச் சூரிய வெப்பத்தாலோ, தொழிற்சாலையில் வீணாகும் சூட்டாலோ சூடாக்கினால் ஹைட்ரஜன் இரண்டாவதற்கு ஓடும். முதல் பாத்திரத்தை ஆறவிட்டால் ஹைட்ரஜன் திரும்பி வரும். அப்படிக் கிளம்பும்போது இரண்டாவது பாத்திரம் ஜில்லென்று ஆகிவிடும். கம்ப்ரஸர் இல்லாத குளிர்சாதனம்! திறன் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே கட்ட அமைப்பில், கொடுத்த வெப்பத்தில் பாதி அளவு குளிர்ச்சி கிடைத்தாலே பெரிய விஷயம். கடையில் ஹைட்ரைடு ஏசி விற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் நம்ம ஊர் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு அது வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு. மோனசைட்டில் உள்ள தோரியம்தான் மேன்டிலுக்குப் போகும். அதே மணலில் லாந்தனம், சீரியம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது செலவு. பிரிக்காமல் அப்படியே உலோகமாக்கினால் மிஷ்மெட்டல். சுத்த லாந்தனத்துக்குப் பதில் இதைப் போட்டால் செலவு குறையும், ஆனால் ஹைட்ரஜனின் அழுத்தம் எகிறும். கொஞ்சம் அலுமினியம் சேர்த்தால் இறங்கும். 2005-ல் வெளியான ஐஐடி குழுவின் சேமிப்புக் கலன் சோதனைகள் இப்படிப்பட்ட மிஷ்மெட்டல் கலவைகளில் நடந்தவைதான்.

"இத்தனை வருஷ ஆராய்ச்சியில் ஒரு கார்கூட ரோட்டுக்கு வரலையே?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்திருக்கிறது, வேறு உருவத்தில். 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸின் பேட்டரி நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு. நாம் கேமராவில் போட்ட ரீசார்ஜபிள் பென்சில் பேட்டரியும் அதே இனம்தான். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் ஹைட்ரஜனை ஹைட்ரைடு உருளைகளில் வைத்திருக்கின்றன. நீர்மூழ்கிக்கு எடை ஒரு குறையே இல்லை.

2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஒரே இடத்தில் நிற்கும் சேமிப்புக்கு எடை பெரிய விஷயமில்லை. ஃப்யூயல் செல்லில் வீணாகும் சூட்டையே கொடுத்து ஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜனை வெளியே எடுக்கலாம். அப்போதும் அந்தச் சூட்டை மாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற கேள்வி மிச்சமிருக்கும். அந்தக் கணக்கைப் போடத்தான் புத்தகத்தில் மூன்றாவது பெயர் தேவைப்பட்டது.