குறி

இலக்கு, அடையாளம், உடலுறுப்பு எனப் பல பொருள் தரும் சொல் குறி. சங்க அகமரபில் அது காதலர் சந்திக்கும் இடம்: இரவுக்குறி, பகற்குறி. அந்தக் குறியை இருவரும் அறிவார்கள்.

போரின் குறி அப்படியல்ல. 1956இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த சைடுவைண்டர் ஏவுகணை எதிரி விமானத்தின் வெப்பத்தைத் தேடியது. வெப்பம் சிக்கியதும், ஏவும் விமானியின் காதில் ஓர் உறுமல் கேட்கும். அது ராடார் அலை எதையும் வீசாததால் குறிவைக்கப்பட்டவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. 1958 செப்டம்பரில் தைவான் நீரிணைமேல் சீன மிக்-17 விமானங்கள் முதன்முதலாக அப்படி வீழ்ந்தன.

வீடியோ கேம் இதைக் கணக்காக்கியது. எதிரி நமக்கு முன்னால், குறித்த தூரத்துக்குள் வந்தால் திரையில் அவன்மேல் கட்டம் நிறம் மாறும், பொத்தானை அழுத்தலாம். ஆனால் 1995இல் நாம்கோ தொடங்கிய ஏஸ் காம்பாட் வரிசையில், ஏவுகணை நம்மைத் துரத்தினால் நமக்கும் எச்சரிக்கை ஒலிக்கிறது. அறியாதவரை அடிப்பது ஆட்டமாகாது என்பதை ஆட்டமே ஒப்புக்கொள்கிறது.

நமக்கு அப்படி ஒரு கருவி இல்லை. கூட்டப் பேருந்தில் முதுகு கூசுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். சொன்னால், “பார்க்கத்தானே செய்தான்” என்பார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. உறுமல் இன்னும் குறிவைப்பவன் காதில் மட்டும்தான்.