டேங்க் மூடியில் ஒரு சிறு துளை



கிருஷ்ணாயில் டின்னில் ஆணி வைத்துத் துளை போட்டவர்களுக்கு இந்தக் கட்டுரை சுலபமாக விளங்கும். ஒரு மூலையில் மட்டும் துளை போட்டால் எண்ணெய் குளுக் குளுக் என்று திக்கித் திக்கி வரும். எதிர் மூலையில் இன்னொரு சின்னத் துளை போட்டுவிட்டால் நூல் பிடித்தாற்போல் விழும். மளிகைக் கடைப் பையனுக்குத் தெரிந்த இந்தச் சங்கதிக்கு மோட்டார் உலகத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதில் கலிஃபோர்னியா இளைஞர்கள் கைவைத்த பகுதியைத்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மகன் அங்கே இருக்கிறார். விடுமுறைக்கு வந்தவர் விட்டுப் போன கார்ப் பத்திரிகைகள் என் மேஜையில் கிடக்கின்றன. பென்ஷன்காரனுக்குப் படிக்க எதுவானாலும் சரி. புரட்டியதில், பழைய வண்டியை மாற்றிக் கட்டுகிறவர்களை இன்றும் குழப்புவது எஞ்சின் அல்ல, பெட்ரோல் டேங்குக்குக் காற்று எப்படிப் போவது என்பதுதான் என்று தெரிந்தது.

எங்களுக்குப் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில். பாஸ்கலின் கதையை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். 1648 செப்டம்பர் 19ஆம் தேதி, அவருடைய அக்காள் கணவர் பெரியே, பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் தெ தோம் மலை மேல் ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலம் போலத் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாவற்றையும் அழுத்துகிறது என்பது அதோடு தீர்மானமாயிற்று. சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அரை மீட்டருக்கு அரை மீட்டர் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டால், உள்ளே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளியிலிருந்து இருநூற்றைம்பது கிலோ அமுக்கும். மூடியின் துளை அடைத்துக்கொண்ட டேங்க் உள்நோக்கிச் சப்பிப் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பிரெஞ்சில் இந்தத் துளைக்கு 'மீஸ் ஆ லேர் லீப்ர்' என்று பெயர். சுதந்திரமான காற்றோடு சேர்த்துவிடுவது என்று பொருள். திராட்சை ரச பீப்பாயின் மேலே சிறு துளை போட்டு, அதை அடைக்க 'ஃபோஸே' என்ற மரக்குச்சி வைத்திருப்பார்கள். குச்சியைப் பிடுங்கினால்தான் கீழே குழாயில் ரசம் ஒழுங்காக இறங்கும். ஒரு லிட்டர் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் தபால் உள்ளே வந்தால்தான் கோப்பு வெளியே போகும் என்பது போலத்தான்.

இனி வண்டிக்கு வருவோம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு டி மாடலில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்பு கிடையாது. பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கும். மூடியில் ஒரு துளை. சேறு அதை அடைத்துவிட்டால் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி கிளம்பும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சின் டேங்கை விட உயரத்துக்குப் போய்விடும். அதனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ரிவர்சில் மேடேறினார்கள்.

அடுத்து வந்த ஏ மாடலில் டேங்கை உயரத்துக்குக் கொண்டுபோய், முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுகிறவர் முழங்காலுக்கு நேர் மேலே வைத்தார்கள். மேடு பிரச்சினை தீர்ந்தது, ஆனால் பத்து காலன் பெட்ரோலை மடியில் வைத்துக்கொண்டு போவது மாதிரி. 1932இல் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு ஃபோர்டு வந்தபோது, பம்பு வைத்து, டேங்கை வண்டியின் பின்கோடிக்குத் தள்ளிவிட்டார்கள். மூடியும் அதன் துளையும் வெளியே, திறந்த காற்றில். ஆவி வந்தால் வெளியே போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஃபோர்டுகள் பழசாகி மலிவாகக் கிடைத்தபோது, தெற்குக் கலிஃபோர்னியா பையன்கள் அவற்றை வாங்கி மட்கார்டைக் கழற்றி, எஞ்சினை முடுக்கி, மியூராக் என்ற காய்ந்த ஏரிப் படுகையில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937இல் அவர்களுடைய சங்கங்கள் ஒன்று கூடித் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனை அமைத்தன. பிறகு மியூராக்கை ராணுவ விமானப்படை எடுத்துக்கொண்டது. பையன்கள் எல் மிராஜ் என்ற இன்னொரு காய்ந்த ஏரிக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து திரும்பியவர்களில் பில் பர்க் என்பவர் 1946இல் ஒரு காரியம் செய்தார். போர் விமானத்தின் வயிற்றில் தொங்கவிடும் உபரி பெட்ரோல் டேங்கை வாங்கி, அதையே கார் உடலாக ஆக்கிவிட்டார். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே செய்த வடிவம், உள்ளே ஒரு மனிதன் உட்கார இடமும் இருந்தது. டேங்குக்குள்ளே டிரைவர்! 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வெளிவந்தது. அந்தப் பெயரே இந்த வண்டிகளுக்கு ஊரெல்லாம் நிலைத்துவிட்டது.

ஆபத்து ஆரம்பித்தது அழகிலிருந்துதான் என்பது என் அபிப்பிராயம். முழங்காலுக்கு மேலிருந்த டேங்கை எடுத்துவிட்டார்கள், அது நல்லது. பின்னால் தெரிந்த டேங்க் பார்வைக்கு அசிங்கம் என்று அதையும் எடுத்து டிக்கிக்குள் வைத்தார்கள். உடல் வழவழவென்று இருக்க வேண்டும் என்று பெட்ரோல் ஊற்றும் வாயையும் டிக்கிக்குள்ளேயே மறைத்தார்கள். மூடி மட்டும் அதே பழைய துளை போட்ட மூடி. பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நாலு மடங்கு கனம். மேலே போகாது, டிக்கியின் தரையில் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் ஆவி விடும் என்றால், மொஹாவி பாலைவன வெயிலில் கேட்கவா வேண்டும். அதே டிக்கியில், எடையைப் பின்னால் தள்ளுவதற்காக, பாட்டரியையும் வைத்தார்கள். பாட்டரிக் கம்பியில் ஒரு பொறி போதும். இருபது வயசுப் பையன் சீட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்றே தடுப்பாக உட்கார்ந்திருக்கிறான்.

துளையே வேண்டாம் என்று அடைத்தால்? வெயிலில் பெட்ரோல் விரியும். ஐம்பது லிட்டர் டேங்கை நிரப்பி இருபது டிகிரி சூடு ஏறவிட்டால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அதிகமாகும். ஆவியின் அழுத்தம் தனி. அது டேங்கின் ஒட்டுகளைப் பிளக்கப் பார்க்கும், இல்லையென்றால் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் தள்ளிவிடும். ராத்திரி குளிர்ந்ததும் எதிர்ப்பக்கம் இழுக்கும். தகடு அடிபடுவது இரண்டு பக்கமும்.

ஆகவே அவர்கள் கண்டுபிடித்த வழி, டேங்கின் உச்சியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு வளையம் வளைத்து, பிறகு டிக்கித் தரையைத் துளைத்துக் கீழே, புகைக்குழாய்க்கு எட்டாத இடத்தில் விடுவது. வளையம் எதற்கு என்றால், வண்டி திரும்பும்போது அலம்பும் பெட்ரோல் மேலே ஏறி வெளியே கொட்டாமல் இருக்க. டேங்க் பாதிதான் இருக்கும்போது யாருக்கும் குறை தெரியாது. நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தினால்தான் குழாய் சரியாகப் போட்டிருக்கிறதா என்பது வாசலில் ஈரமாகத் தெரியும்.

பந்தயக்காரர்களில் சிலர் எதிர்வழியில் போனார்கள். சான்டா ஃபே ஸ்பிரிங்ஸ் ஊரில் பட்டறை வைத்திருந்த டீன் மூன், அலுமினியத் தகட்டைச் சுழற்றி உருட்டிய சின்ன டேங்க் செய்து விற்றார். வண்டியின் மூக்குக்கு முன்னால் பளபளவென்று நிற்கும். அதில் கைப்பம்பால் காற்றை அடித்து, அந்த அழுத்தத்தாலேயே பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுவார்கள். இங்கே துளை இருந்தால் காரியம் கெட்டது. கால் மைல் ஓட்டத்துக்கு அது சரி. கடைத்தெருவுக்குப் போய்வர உதவாது.

இதற்கிடையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கே கண் எரிய ஆரம்பித்திருந்தது. 1943 ஜூலையில் ஒரு நாள் மூட்டம் கவிந்து, ஜப்பான்காரன் விஷவாயு வீசிவிட்டான் என்று கூட ஜனங்கள் பயந்தார்கள். செயற்கை ரப்பருக்கு வேண்டிய ரசாயனம் செய்த தொழிற்சாலை மேல் பழி போட்டு அதை நிறுத்திப் பார்த்தார்கள். மூட்டம் போகவில்லை. அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்ற டச்சுக்காரப் பேராசிரியர்தான், 1950களின் தொடக்கத்தில், கார்களிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியும் புகையும் வெயிலில் சேர்ந்து சமைப்பதுதான் இந்த மூட்டம் என்று காட்டினார். எண்ணெய்க் கம்பெனிகள் ஏற்க மறுத்தன. அவர் விடவில்லை. பிற்பாடு அந்த மாநிலத்தின் காற்று வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார்.

கார் விடும் ஆவியில் ஐந்தில் ஒரு பங்கு போல, எஞ்சின் ஓடாமல் சும்மா நிற்கும்போதே, டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. மூடியில் இருந்த அந்தச் சிறு துளை வழியாகத்தான்! 1970இல் கலிஃபோர்னியாவிலும், 1971இல் அமெரிக்கா முழுவதிலும் புது கார்களுக்குத் துளை போட்ட மூடி போயிற்று. குழாயின் கோடியில் கரி நிரப்பிய டப்பா ஒன்று வந்தது. நிற்கும்போது ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் விஷவாயு முகமூடிக்குத் தேங்காய் ஓட்டுக் கரியைப் போட்டார்களே, அதே தத்துவம். காருக்குப் பெரும்பாலும் மரக்கரி.

1932 ஃபோர்டை இன்று மாற்றிக் கட்டுகிறவரைச் சட்டம் இந்த டப்பா வைக்கச் சொல்வதில்லை. கலிஃபோர்னியாவில் 1975 வரைக்குமான வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனையே கிடையாது. ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் வைக்கிறார்கள். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் வண்டி நிற்கிறது, அதே ஷெட்டில் வெந்நீர் பாய்லரின் சுடரும் எரிந்துகொண்டிருக்கிறது என்றால் வேறு என்ன செய்வது?

அதோடு ஒரு வால்வும் போடுகிறார்கள். 1970களில் அமெரிக்க அரசு, மோதவிட்ட காரைப் புரட்டிப் பார்த்து எவ்வளவு பெட்ரோல் ஒழுகுகிறது என்று அளக்கும் விதியைக் கொண்டுவந்தது. தலைகீழாகக் கவிழ்ந்த வண்டியில் மூச்சுக்குழாயே பெட்ரோல் குழாயாகிவிடும் அல்லவா? அதற்காகக் குழாயின் நடுவே இந்த வால்வு. உள்ளே ஒரு குண்டு. வண்டி நிமிர்ந்திருக்கும் வரை காற்று போக வர வழிவிட்டு அது சும்மா கிடக்கும். கவிழ்ந்தால் உருண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான், குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்கும்.