ஆஹா மையம்

ஆஹா மையம் என்பது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பேரிடர் உதவி ஒருங்கிணைப்பு மையம். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலிருந்து இயங்குகிறது. 2011 நவம்பர் 17 அன்று பாலித் தீவில் ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை வழியே பிறந்தது. நீண்ட ஆங்கிலப் பெயரைச் சுருக்கியதில் கிடைத்த ஒலிதான் ஆஹா. அது தமிழ்க் காதுக்கு வியப்புச் சொல்லாகக் கேட்பது தற்செயல். புயல், வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை, எரிமலை வெடிப்பு ஆகியவற்றை நாள்தோறும் கண்காணிப்பது, உறுப்பு நாடுகளுக்குத் தகவல் தருவது, பேரிடர் நேர்ந்தால் எந்த நாட்டு உதவி எங்கே, எப்போது, யார் கையில் போய்ச் சேரவேண்டும் என்று ஒழுங்குபடுத்துவது ஆகியவை இதன் வேலைகள்.

தோற்றம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தோனேசியாவில் மட்டும் 1,60,000 பேருக்கு மேல் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். பெரும்பாலோர் சுமத்ராவின் வட முனையிலுள்ள அச்சே மாநிலத்தவர். அடுத்த சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் அச்சேயில் வந்திறங்கின. ஒரே முகாமுக்கு நான்கு அமைப்புகள் போயின. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு ஒருவரும் போகவில்லை. கணக்கெடுக்க வந்தவர்களுக்கே பதில் சொல்லிச் சலித்தார்கள் மக்கள். நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழந்துணி மலைபோல் குவிந்து கிடந்ததைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாகையில் மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு, சினேகா, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகிய அமைப்புகள் முன்னின்று தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. ஒரு மாவட்டத்துக்குள் அங்கே செய்ய முயன்றதைப் பத்து நாடுகளுக்கிடையே செய்யப் பார்த்தது ஆசியான்.

2005 ஜனவரி 6 அன்று ஜகார்த்தாவில் தலைவர்கள் அவசரமாகக் கூடினர். அதே ஆண்டு ஜூலை 26 அன்று லாவோஸின் வியன்டியான் நகரில் பேரிடர் மேலாண்மை, அவசரகால மீட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லா நாடுகளும் ஏற்புறுதி தந்து அது நடைமுறைக்கு வந்த நாள் 2009 டிசம்பர் 24. உறுப்பு நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லாத ஆசியானில் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் குறைவு.

ஒப்பந்தத்தின் அச்சாணி ஒரே ஒரு விதி: பாதிக்கப்பட்ட நாடு கேட்டாலோ சம்மதித்தாலோ மட்டுமே வெளி உதவி உள்ளே வரலாம், வந்தபின் மீட்புப் பணியின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடும் அந்த நாட்டு அரசிடமே இருக்கும். ஆஹா மையத்தின் வெற்றிகளுக்கும் தோல்விகளுக்கும் இந்த விதியே காரணம்.

நர்கிஸ் புயல் திறந்த கதவு

மையம் தொடங்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அதன் வேலை முறை மியான்மரில் உருவாகிவிட்டது. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கியது. கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. தாழ்ந்த நெல்வயல்களுக்கு நடுவே ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லை. அதிகாரபூர்வக் கணக்கில் 84,537 பேர் இறந்தனர். 53,836 பேர் காணவில்லை. பாதிக்கப்பட்டோர் சுமார் 24 லட்சம்.

அன்றைய ராணுவ ஆட்சி வெளிநாட்டு மீட்புப் பணியாளர்களுக்கு விசா தர மறுத்தது. புதிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பைப் புயலுக்கு எட்டு நாள் கழித்து, பாதிக்கப்படாத பகுதிகளில் நடத்தவும் செய்தது. அமெரிக்க, பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்கள் உதவிப் பொருளோடு கடலில் காத்து நின்றன. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பெர்னார் குஷ்னேர், ஆட்சியின் சம்மதம் இல்லாமலே உதவியைக் கொண்டுசெல்லலாம் என்று பேசினார். படையெடுப்புக்கு அஞ்சிக்கொண்டிருந்த தளபதிகளை இந்தப் பேச்சு மேலும் இறுக்கியது.

வழியைத் திறந்தவர் அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆசியான் பொதுச் செயலாளரான தாய்லாந்துக்காரர் சுரின் பிட்சுவான். மே 19 அன்று சிங்கப்பூரில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள், உதவி ஆசியான் தலைமையில் உள்ளே வரட்டும் என்று மியான்மரைச் சம்மதிக்க வைத்தனர். மே 23 அன்று ஐநா பொதுச் செயலாளர் பான் கி மூன் மூத்த தளபதி தான் ஷ்வேயை நேரில் சந்தித்தார். மாத இறுதியில் முத்தரப்பு மையக் குழு அமைந்தது. மியான்மர் அரசு, ஆசியான், ஐநா மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. விசா தாமதம், படகுப் போக்குவரத்து, கழிமுகத்துக்குள் போக அனுமதி என்று பெரிய கொள்கை ஏதும் இல்லாத சில்லறைத் தடைகளை அந்தக் குழு ஒவ்வொன்றாக அகற்றியது. அதன் சார்பில் நூற்றுக்கணக்கான கிராமங்களில் நடந்த கூட்டு மதிப்பீடு ஜூலையில் வெளிவந்தது. சேதமும் இழப்பும் சேர்ந்து சுமார் 400 கோடி டாலர் என்றது அது. அரசும் கொடையாளர்களும் ஒரே எண்ணை ஏற்றுக்கொண்டதே அங்கே பெரிய சாதனை. குழு 2010 ஜூலை வரை இயங்கியது.

உதவி மூன்று வாரம் தாமதமானதில் எத்தனை உயிர் போனது என்ற கேள்வி தனி. ஆனாலும், மேற்கு நாடுகளின் அழுத்தத்துக்கு அசையாத ஆட்சி அண்டை வீட்டாரின் சொல்லுக்கு இசைந்தது என்ற பாடத்தை ஆசியான் தலைநகரங்கள் பிடித்துக்கொண்டன.

அமைப்பும் கருவிகளும்

மையத்தை உறுப்பு நாடுகளின் தேசியப் பேரிடர் மேலாண்மை அமைப்புகளின் தலைவர்கள் மேற்பார்வையிடுகின்றனர். உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் சம பங்கு செலுத்துகின்றன. சிங்கப்பூருக்கும் லாவோஸுக்கும் ஒரே தொகை. யாரும் முதலாளி ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இதில் உண்டு. ஏழை நாட்டால் இயன்ற அளவுக்கே பங்கு அமைவதால் நிதி எப்போதும் சிறிது என்பது இதன் மறுபக்கம். திட்டப் பணிகளுக்கான பணம் பெரும்பாலும் ஜப்பான், ஆஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றியம் போன்ற வெளிக் கூட்டாளிகளிடமிருந்து வருகிறது.

மையத்தின் கைகளில் உள்ள கருவிகளில் முதன்மையானது கிடங்கு. 2012 டிசம்பரில் ஜப்பானிய நிதியுதவியோடு மலேசியாவின் சுபாங்கில் அவசரகாலச் சேமிப்பு தொடங்கியது. உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐநா கிடங்கின் ஒரு பகுதி அது. கூடாரம், தார்ப்பாய், குடும்பத்துக்கான பாத்திரப் பெட்டி, நீர் சுத்திகரிப்புக் கருவி, ரப்பர் படகு, மின்னாக்கி என எல்லாவற்றிலும் ஆசியான் முத்திரை. பேரிடர் வந்தபின் ஒப்பந்தப்புள்ளி கோரிப் பொருள் வாங்கினால் பல வாரம் ஆகும். வாங்கி வைத்ததை விமானத்தில் ஏற்ற ஒரு நாள் போதும். தாய்லாந்தின் சாய்நாட்டிலும் பிலிப்பைன்ஸின் கேசோன் நகரிலும் பின்னர் துணைக் கிடங்குகள் வந்தன.

அடுத்தது விரைவு மதிப்பீட்டுக் குழு. உறுப்பு நாடுகளின் அரசு அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தார், மருத்துவர் எனப் பலரும் பயிற்சி பெற்றுத் தத்தம் வேலையில் இருப்பர். அழைப்பு வந்தால் புறப்படுவர். என்ன இடிந்தது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை என்பதை முதல் சில நாள்களில் எண்ணித் தருவது இவர்கள் பணி. மூன்றாவது கருவி ஒரு செயல்முறை ஏடு. உதவி கேட்கும் படிவம், தரும் படிவம், படை விமானம் இறங்க அனுமதி, சுங்க விலக்கு எல்லாம் அதில் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. படிக்கச் சலிப்பூட்டும் ஏடுதான். ஆனால் விமான நிலையத்தில் மருந்துப் பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்போது அதன் அருமை தெரியும்.

மையம் தனித்து இயங்குவதில்லை. ஐநாவின் மனிதநேய விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம், செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்களின் கூட்டணி ஆகியவற்றோடு சேர்ந்து வேலை செய்கிறது. படைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்புக்குச் சிங்கப்பூரின் சாங்கியில் 2014இல் தொடங்கிய தனி மையம் உண்டு.

ஹையானும் பாலுவும்

2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் சூறாவளியில் 6,300 பேர் இறந்தனர். புயலுக்கு முன்பே ஆஹா மையத்தின் சிறு குழு தக்லோபான் நகருக்குப் போயிருந்தது. எச்சரிக்கையும் முன்பே வந்திருந்தது. ஆனால் அதில் இருந்த ஆங்கிலச் சொல், புயலோடு கடல் பொங்கி ஊருக்குள் வரும் என்ற பொருளில் மக்களுக்கு விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றனர் பிழைத்தவர்கள். பெரிய நாடுகளின் கப்பல்களும் விமானங்களும் வந்து குவிந்தபோது ஆசியானின் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவே இருந்தது. அந்தக் கூச்சத்தின் விளைவாக, ஒரே ஆசியானாக எதிர்வினையாற்றுவோம் என்ற பிரகடனத்தில் 2016 செப்டம்பரில் தலைவர்கள் கையெழுத்திட்டனர்.

அதற்கான தேர்வு 2018 செப்டம்பர் 28 அன்று சுலாவேசித் தீவின் பாலு நகரில் வந்தது. 7.5 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே ஆழிப்பேரலை. பெத்தோபோ, பலாரோவா பகுதிகளில் மண் குழம்பாக இளகி வீடுகளை வீதியோடு இழுத்துச் சென்றது. இறந்தோரும் காணாமல் போனோரும் 4,000க்கு மேல். அச்சேயில் பட்ட பாட்டை மறக்காத இந்தோனேசியா இம்முறை வாசலிலேயே நிபந்தனை வைத்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் உள்ளூர்க் கூட்டாளி வழியாகவே வேலை செய்யவேண்டும். வெளிநாட்டுப் பணியாளர் தனியாகக் களத்துக்குப் போகக் கூடாது. பக்கத்துத் தீவிலுள்ள பாலிக்பாப்பான் விமான நிலையம் பொருள் வந்திறங்கும் வாசலானது. வெளிநாட்டு உதவியைப் பட்டியலிட்டுத் தேசிய அமைப்போடு பொருத்தும் வேலையில் ஆஹா மையம் துணை நின்றது. பல சர்வதேச நிறுவனங்கள் இந்த நிபந்தனைகளைக் குறை கூறின. உள்ளூர் அமைப்புகளோ முதன்முறையாகத் தங்கள் மண்ணில் தாங்களே முன்னே நின்றதாக உணர்ந்தன. இதில் நியாயம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் பக்கமே.

விமர்சனம்

அரசின் சம்மதம் என்ற விதி, அரசே மக்களின் துன்பத்துக்குக் காரணமாக இருக்கும் இடத்தில் முடங்குகிறது. மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து வங்கதேசத்துக்குத் தப்பியோடிய ரோஹிஞ்சா மக்களைத் திருப்பி அழைப்பது குறித்து மையம் நடத்திய ஆயத்த மதிப்பீடு 2019இல் வெளியே கசிந்தது. அதில் ரோஹிஞ்சா என்ற சொல்லே இல்லை. அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதும் இல்லை. மனித உரிமை அமைப்புகள் கடுமையாகச் சாடின.

மியான்மரில் 2021 பிப்ரவரியில் நடந்த ராணுவப் புரட்சிக்குப்பின் சிக்கல் முற்றியது. அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று ஆசியான் தலைவர்கள் எட்டிய ஐந்து அம்ச இணக்கம், மனிதநேய உதவியை ஆஹா மையத்தின் பொறுப்பில் விட்டது. இயற்கைப் பேரிடருக்கென உருவான சிறிய மையம் உள்நாட்டுப் போருக்கு நடுவே நிறுத்தப்பட்டது. ஆட்சியாளரின் அனுமதியோடு மட்டுமே நகரக்கூடிய மையத்தால் எதிர்ப்புப் படைகள் வசமுள்ள பகுதிகளுக்குப் போக முடியவில்லை. அங்கே எல்லை தாண்டி அரிசியும் மருந்தும் சுமந்தவை சிறிய உள்ளூர்க் குழுக்கள்தாம். 2025 மார்ச் 28 அன்று சகாயிங், மாண்டலே பகுதிகளைக் குலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்தின்போதும் ஆசியான் குழு விரைந்து சென்றது. அதே பழைய எல்லைக்கோடு அப்போதும் இருந்தது.

தெற்காசியாவோடு ஒப்பீடு

தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகளும் 2006இல் டெல்லியில் ஒரு பேரிடர் மேலாண்மை மையம் தொடங்கின. அது பின்னர் குஜராத்தின் காந்திநகருக்கு மாறியது. 2011 நவம்பரில் மாலத்தீவில் விரைவு மீட்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்ததோ 2016இல். இடையில், 2015 ஏப்ரல் 25 அன்று நேபாள நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் இறந்தபோது ஒவ்வொரு நாடும் தன் விமானத்தைத் தானே அனுப்பியது. ஒரே ஓடுபாதை கொண்ட காத்மாண்டு விமான நிலையம் திணறியது. பொதுக் கிடங்கும் பொதுக் குழுவும் தெற்காசியாவுக்கு இன்றும் இல்லை. சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில், அதே காத்மாண்டுவில்.