கெட், போஸ்ட்... பெயரை மாத்தணுமா வேண்டாமா?

ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில், இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் விவரங்களை எடுக்க "ரிக்வெஸ்ட்.கெட்" என்று எழுத வேண்டும். படிவத்தில் நிரப்பி அனுப்பியதை எடுக்க "ரிக்வெஸ்ட்.போஸ்ட்". பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது, இல்லையா?

அங்கேதான் வம்பு. கெட், போஸ்ட் என்பவை எச்டிடிபியில் கோரிக்கை வகைகளின் பெயர்கள். போஸ்ட் கோரிக்கையின் முகவரியிலும் கேள்விக்குறி இருக்கலாம். அந்த விவரங்களும் "கெட்"டுக்குள்தான் வந்து விழும். அதே போஸ்ட்டில் ஜேசன் அனுப்பினால் "ரிக்வெஸ்ட்.போஸ்ட்" காலி! புதிதாகப் படிக்கிறவன் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழில் 2003-ல் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியதுதான் ஜாங்கோ. 2005 ஜூலையில் எல்லோருக்கும் வெளியானது. அதற்கு முன்பே, 2001 டிசம்பரில் வந்த பிஎச்பி 4.1-லேயே இதே கெட், போஸ்ட் பெயர்கள் இருந்தன. அந்தக் காலத்து நிரலாளர்களுக்கு இது பழகிய பெயர்.

சரி, மாற்றினால் என்ன? மாற்றிய கதைகளும் உண்டு. 2012-ல் ஜாங்கோ 1.4 "ரா_போஸ்ட்_டேட்டா"வை "பாடி" ஆக்கியது, 2013-ல் 1.6-ல் பழைய பெயரைத் தூக்கியே விட்டார்கள். ஜாங்கோவின் மேல் கட்டப்பட்ட ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் 2014 டிசம்பரில், 3.0 பதிப்பில், "குவெரி_பாராம்ஸ்", "டேட்டா" என்று சிறிய எழுத்தில் அர்த்தமுள்ள பெயர்களுக்குத் தாவியது. பெரிய எழுத்துப் பெயர்கள் 3.2-ல் ஒழிந்தன.

ஆனால் "ரா_போஸ்ட்_டேட்டா" எப்போதாவது தொடுகிற சாமான். கெட்டும் போஸ்ட்டும் அப்படியில்லை. பாடப் புத்தகம், பயிற்சிக் குறிப்பு, எழுதியவரே மறந்துபோன நிரல் என்று எங்கும் பரவியவை. பெயரை மாற்றுகிறவருக்கு ஒரு வரி வேலை. செலவு மட்டும் முகம் தெரியாத ஆயிரம் பேர் கணக்கில் ஏறும். அதில் லாபம் பார்க்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

2019-ல் ஜாங்கோ 2.2 செய்தது கெட்டிக்காரத்தனம். தலைப்புத் தகவல்களை "மெட்டா"விலிருந்து எடுப்பது ரொம்பச் சுற்றுவழி. அதனால் பக்கத்திலேயே "ஹெடர்ஸ்" என்று புதிதாக ஒன்றை வைத்தார்கள், "மெட்டா"வின் மேல் கையே வைக்கவில்லை. கெட், போஸ்ட்டுக்கும் இப்படியே செய்யலாம். ஆனால் 2025-ல் வந்த 5.2-லும் பழைய பெயர்கள் மட்டுமே.

எச்டிடிபியிலேயே "ரெஃபரர்" தலைப்பில் ஒரு 'ஆர்' குறைவு, எழுத்துப் பிழை! 1996-ல் வெளியான ஆர்எஃப்சி 1945-லேயே அது ஏறிவிட்டது. பின்னால் வந்த "ரெஃபரர்-பாலிசி" தலைப்பை மட்டும் சரியான எழுத்தில் எழுதினார்கள். இன்றைக்கு உலாவிகள் இரண்டையும் அப்படி அப்படியே புரிந்துகொள்கின்றன.